இரும்புக்கு முன்னே மூப்படைபவை

1999 நவம்பரில் ஃபோர்டு ஐகான் இந்தியச் சந்தைக்கு வந்தது. மறைமலை நகர் ஆலையில் உருவான கார் அது. ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டா என்ற சிறிய காரை அடிப்படையாக வைத்து, பின்னால் டிக்கி சேர்த்து, நம் சாலைகளுக்காக வடிவமைத்தார்கள். எடை ஏறத்தாழ ஒரு டன். 1.6 லிட்டர் ராக்காம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வகைக்குச் சுமார் 90 குதிரைத்திறன். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகவும் ஆகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சீறிப் பாயவும் செய்யும். 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரத்தை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. 2005இல் அதன் தம்பியாக ஃபியஸ்டா செடான் வந்தது. 2011இல் ஐகானின் உற்பத்தி முடிந்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையில் வேலை நின்றது.

ஆலை நின்ற பிறகும் கார்கள் ஓடுகின்றன. ஆனால் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் போன்ற ஊரில் இப்படி ஒரு காரை வைத்திருப்பவருக்கு உதிரிபாகம் பெரும்பாலும் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்தோ ஜி.பி. சாலையிலிருந்தோ பார்சலில்தான் வர வேண்டும். அந்த மாடலை நன்றாக அறிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உரிமையாளரே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டிய காலம் இது. அதற்குக் கைத்திறனோடு இன்னொன்றும் வேண்டும்: காரின் எந்தப் பகுதி, எதனால், எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்ற அறிவு.

பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் உலோகம். எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக்கும் அதன் கிராங்க் ஷாஃப்டும் முறையாகப் பராமரித்தால் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும். முதலில் தளர்வது ரப்பரும் பிளாஸ்டிக்கும். அவற்றுக்கும் முன்னே கெடுபவை எண்ணெய், கூலன்ட், பிரேக் ஆயில் என்ற திரவங்கள். பழைய காரைப் பராமரிப்பது பாதி இயந்திரவியல் என்றால், மறுபாதி வேதியியல்.

ரப்பரின் வயது

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். 1839இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் கலந்து சூடாக்கியபோது, சங்கிலிகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் உருவாயின. ஒட்டும் பசை, இழுத்தால் திரும்பும் பொருளாக மாறியது. ஆனால் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சமிருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோனும் அந்த இடங்களைத் தாக்குகின்றன. சில இடங்களில் சங்கிலி அறுகிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் பாலங்கள் விழுந்து ரப்பர் இறுகுகிறது. இழுவிசையில் இருக்கும் ரப்பரில் இழுக்கும் திசைக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்புகள் தோன்றினால், அது ஓசோன் செய்த வேலை.

வேதிவினைகளுக்குப் பொதுவான ஒரு தோராய விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடலூர் மாவட்டத்துக் கோடையில் எஞ்சின் அருகே இருக்கும் ரப்பருக்குக் குளிர்நாட்டு ரப்பரைவிட ஆயுள் குறைவு என்பதற்கு இந்த விதியே போதும். ஓடோமீட்டரில் 40,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்பதற்காக 18 வயது காரின் ரப்பர் இளமையாக இருக்காது.

சஸ்பென்ஷன் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ், முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு செய்யும் வேலையைச் செய்கிறது. அது தேய்ந்தால் வேகத்தடையில் 'டொக்' சத்தம் கேட்கும், பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் மட்டும் தேயும். பலர் இதற்கு வீல் அலைன்மென்ட் செய்கிறார்கள். புஷ் தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் சில நாள்கூட நிற்காது.

புது புஷ் போடும்போது தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான புஷ்களில் ரப்பர் உள்வளையத்தோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டிருக்கும். அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுவதும் இறுக்கினால், காரைக் கீழே இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழியும். ஆகவே போல்ட்டைக் கையளவு பூட்டி, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். புதிய புஷ் சீக்கிரம் போய்விட்டால், பாகம் மட்டமானதா என்று சந்தேகிக்கும் முன் எந்த நிலையில் போல்ட்டை இறுக்கினோம் என்று பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள் ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடுவதுண்டு. அது கடினமானது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் தாமதமின்றித் திரும்பும். சாலையின் அதிர்வும் அதே வேகத்தில் உள்ளே வரும். தினமும் கிராமச் சாலையில் ஓடும் காருக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே ஏற்றது.

பிரேக் ஆயில் குடிக்கும் நீர்

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,000 கிலோ காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோ ஜூல். காரை நிறுத்துவதென்றால் அவ்வளவையும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாற்ற வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 1.3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்தி பிரேக் போட்டால் டிஸ்க்கின் சூடு காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது.

நாம் பிரேக் ஆயில் என்று அழைப்பது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மேலே உள்ள டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் நுழைகிறது. 'டாட் 4' தரத்தின்படி புதுத் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் கலந்ததும் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்குகிறது. திரவம் கொதித்தால் குழாயில் நீராவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் பெடலை அழுத்தும், ஆவி சுருங்கும், பிரேக் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஊறிப்போகும் காவிரிக் கடைமடைப் பகுதியில் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

இரண்டு பேர் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் பிளீடர் நிப்பிளைத் திறந்து, ஒளிபுகும் குழாய் வழியாகப் பழைய திரவத்தைப் பாட்டிலில் இறக்கி, நிப்பிளை மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். மேல் டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. சீல் உடைக்காத புது டப்பாவையே பயன்படுத்துங்கள். பாதி மீந்து அலமாரியில் இருந்தது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். 'டாட் 5' என்பது சிலிகான் வகை. அதை இதனோடு கலக்கக் கூடாது.

ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர்

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டப் பயன்படுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது. மீதியின் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென விழ, திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிப்பது இதனால்தான்.

போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம்தான் நம் பக்கத்துக் கார்களின் பெரிய எதிரி. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடான உலோகச் சுவரில் படிகிறது. அந்தப் படிவு வெப்பம் கடத்தும் திறன் அலுமினியத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். உப்பு நீர் இன்னொரு கேட்டையும் செய்கிறது. ராக்காம் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் இருந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். கூலன்ட்டில் உள்ள தடுப்பு வேதிப்பொருள்கள் இதைத் தடுக்கின்றன. அவையும் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். ஆகவே கூலன்ட் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. காலம் வந்ததும் வடித்து, கழுவி, கனிமம் நீக்கிய தண்ணீரோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும்.

'நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறைகள் உண்டு. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எஞ்சின் தன் வேலை வெப்பநிலைக்கு விரைவில் வந்து அங்கேயே நிற்பதற்குத்தான் தெர்மோஸ்டாட். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் நெடுநேரம் ஆறிய நிலையிலேயே ஓடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், உள்பாகங்கள் தேயும். ராக்காம் எஞ்சினில் தெர்மோஸ்டாட் உறை பிளாஸ்டிக்கால் ஆனது. பல ஆண்டு சூட்டில் அது நொறுங்கும் தன்மை அடைந்து கசியத் தொடங்கும். இதே எஞ்சின் ஓடிய தென்னாப்பிரிக்காவில் அலுமினிய உறைகளைத் தயாரித்து விற்கிறார்கள். பழைய காருக்கு அறிவார்ந்த மேம்பாடு என்றால் இதுதான்.

டவர் அடைத்த துளை

1883இல் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளில் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரச் செருகியை அடித்து இறக்கினார்; அதையும் எண்ணெய் தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தினால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. சுழலும் அச்சு தானே எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்து, தன்னைத் தூக்கி மிதக்கவைக்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று அப்போது தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார்.

உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்டும் அப்படித்தான் மிதக்கிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரான்; தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பகுதி. எண்ணெய் மிக நீர்த்தால் படலம் அறுந்து உலோகம் உரசும். மிகக் கெட்டியானால் இடுக்குகளுக்குப் போய்ச் சேர நேரமாகும். '10டபிள்யூ-40' போன்ற குறியீட்டில் பின்னால் வரும் எண், எஞ்சின் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. முன்னால் உள்ள எண் குளிர்நிலைக்கானது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போனாலும், கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்குகிறது. நீண்ட பயணத்தில் எண்ணெய் சூடாகி அந்த நீர் ஆவியாகிவிடும். கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் மட்டும் ஓடும் காரில் அது தங்கி, எண்ணெய் மூடியின் அடியில் வெளிர் மஞ்சள் பசையாகப் படியும். ஆகவே குறைவாக ஓடும் காருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம் தேவை. ராக்காம் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. அழுக்கு எண்ணெயில் ஓடும் செயினின் ஊசிகள் தேய்ந்து அது நீளும். அதற்கு மருந்தும் நல்ல எண்ணெய்தான்.

எத்தனாலும் பழைய குழாயும்

நெல்லிக்குப்பம் முதல் சேத்தியாத்தோப்பு வரை கரும்பு விளையும் மாவட்டம் கடலூர். நாட்டின் கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் எத்தனால் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் கலந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகா ஜூல் ஆற்றல் என்றால், எத்தனாலில் 21தான். கணக்குப் போட்டால் கலவையில் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைவு. மைலேஜ் சற்று இறங்குவது இயற்கையே. பழைய கார்க்காரர் கவலைப்பட வேண்டியது குழாய்களைப் பற்றி. எத்தனாலை எண்ணாமல் வடிவமைத்த ரப்பர் வகைகள் அதில் ஊறி உப்பலாம், பிறகு காய்ந்து வெடிக்கலாம். எத்தனால் தாங்கும் என்று குறியிட்ட புது ஃபியூயல் ஹோஸும் கிளிப்பும் மாற்றுவது மலிவான வேலை. பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே பாருங்கள். அது தீயின் முன்னறிவிப்பு. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும் என்பதால், டேங்கில் எரிபொருளோடு காரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம்.

ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து வெள்ளம். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் கடலூர் மாவட்டத்தை உலுக்கியதை நாம் அறிவோம். மழைக்காலத்து நீரில் கார் மூழ்கினால் செய்யக் கூடாத முதல் காரியம், சாவியைத் திருப்புவது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கும்படி எஞ்சின் அமைந்திருக்கிறது. நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது எஞ்சின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை.

மேம்பாடு எங்கே தொடங்க வேண்டும்?

வீராணம் ஏரிக்கரைச் சாலையில் இரவில் ஓட்டியவருக்கு நல்ல ஹெட்லைட்டின் அருமை தெரியும். பழைய காரில் வெளிச்சம் மங்கினால் பல்பின் மேல் பழி விழுகிறது. மின்கம்பியைப் பாருங்கள். 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. மெலிந்த கம்பி, தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து 0.13 ஓம் தடை இருந்தாலே 1.3 வோல்ட் வழியில் தொலைகிறது. ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக பல்புக்குக் கொடுத்தால், அதே பல்பில் இழந்த வெளிச்சம் திரும்பும். சுவிட்ச் ரிலேவை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் சுமக்கும். அதைவிட்டு 100 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும், சட்டமும் அனுமதிக்காது.

இனி டயர். எவ்வளவு பெரிய எஞ்சினானாலும் சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு இடங்கள்தான். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் வயதான டயர் வயதானதே. ரிம்மைப் பெரிதாக்க விரும்பினால் மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். 175/65 ஆர்14 டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். 185/55 ஆர்15 டயருக்கு 584.5. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் மெலிவதால் பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்பு கூடும்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வாங்கி எஞ்சின் அருகே திறந்தபடி மாட்டுவோர் உண்டு. சத்தம் கூடும். சூடான பானெட்டுக்குள் 60 டிகிரி காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்கு, 30 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் 9 சதவீதம் குறைவான ஆக்ஸிஜன்தான் கிடைக்கும். குளிர்ந்த காற்றை முன்பக்கத்திலிருந்து எடுக்கும் கம்பெனிப் பெட்டியும் ஒரு புது ஃபில்டரும் இதைவிட மேலானவை.

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு; பிறகு ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சினையோ பாடியையோ விருப்பப்படி மாற்றிய கார் எஃப்.சி. வாசலிலேயே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. காட்டுமன்னார்கோயில் சுற்றுப்புறக் களிமண் மழையில் இளகும். கெட்டித் தரையில், ஜாக்கி ஸ்டாண்டுகளில் கார் நிற்காமல் அடியில் படுக்காதீர்கள். வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அந்த வாய்க்கால் யாரோ ஒருவருடைய வயலுக்குப் போகிறது. டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எதை மாற்றினீர்கள் என்று எழுதி வாருங்கள். அந்தக் கார் பிறந்தபோது பெற்றிருந்த பிடிமானமும் வெளிச்சமும் நிற்கும் திறனும் முழுதாகத் திரும்பும் வரை வேறு எந்த மேம்பாடும் தேவையில்லை. செலவுக்குப் பணம் கையில் இருக்கும்போது முதலில் பிரேக்குக்குக் கொடுங்கள். பிறகு டயர், புஷ், கூலன்ட், விளக்கு. இவை எல்லாம் முடிந்து மிச்சமிருந்தால் மட்டும் வேகத்தைப் பற்றி யோசியுங்கள்.